ஏழு மணிக்கு எல்லாரும் அழுத்திய பொத்தான்

நான் ஒரு தலைவி என்பது எனக்கு இருபத்தாறாவது வயதில், மின்னஞ்சல் வழியாகத் தெரியவந்தது. மனிதவளப் பிரிவு அனுப்பியிருந்தது. வருங்காலத் தொழில்நுட்பத் தலைவர்களுக்கான பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன் என்று அது தொடங்கியது. மதிய உணவில் எதையாவது தவிர்க்க வேண்டுமா என்ற கேள்வியோடு முடிந்தது. அந்த நிமிடம்வரை நான் நான்கு பேர் உட்காரும் மேசையில் ஓரமாக உட்கார்ந்து நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். மின்னஞ்சலைப் படித்த பிறகும் அதே மேசைதான். ஆனால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

எங்கள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கு மென்பொருள் செய்து விற்கிறது. அந்த ஆண்டு புதிதாக ஒரு குழு அமைக்கப்போவதாகவும் அதற்கு ஒரு தலைவர் வேண்டும் என்றும் பேச்சு. பயிற்சிக்குத் தேர்வானவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் எனக்கு எதிரே உட்காரும் சீன நண்பர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். ஆறு வெள்ளிக்கிழமைகள் பயிற்சி. ஆறாவது வெள்ளியன்று ஆளுக்கொரு திட்டத்தை இயக்குநர்கள்முன் வைக்க வேண்டும். ஒருவருக்குப் பதவி, மற்றவருக்குச் சான்றிதழ்.

அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சிங்கப்பூரின் வடகோடியில், கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை செய்கிறார். அம்மா தேக்கா உணவங்காடியில் ஒரு பானக்கடையில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. ஆறு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதத்தையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். மின்கட்டணக் கடிதத்தை உரக்கப் படித்து வளர்ந்த பிள்ளைக்குத் தான் கொஞ்சம் பெரிய ஆள் என்ற எண்ணம் வரத்தான் செய்யும். எனக்கு வந்தது, போகவில்லை.

பயிற்சி ஒரு ஹோட்டலின் மூன்றாவது மாடியில் நடந்தது. பயிற்சியாளர் கோட்டுக்குக் கீழே விளையாட்டுக் காலணி அணிந்திருந்தார். தலைமைத்துவம் என்பது பதவியல்ல, பயணம் என்றார். அப்படியென்றால் பதவியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் பயணம் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. மஞ்சள் காகிதத்தைக் கையில் கொடுத்து, நாம் ஏன் காலையில் எழுந்திருக்கிறோம் என்று எழுதச் சொன்னார். சீன நண்பர் 'அலாரம்' என்று எழுதினார். குடும்பத்தில் முதலில் படித்தவள் என்று நான் எழுதினேன். பயிற்சியாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"இது தங்கம். இந்தக் கதையை நீ சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும்" என்றார்.

அது ஏற்கெனவே என் சொந்தக் கதைதான் என்று எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டாவது வெள்ளியில் வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்வது பற்றிப் பாடம். சந்தைக்குப் போங்கள், மக்களிடம் பேசுங்கள் என்றார். மற்றவர்களுக்கு அது உவமை. எனக்குச் சந்தை என்றால் சந்தைதான். பள்ளி முடிந்து தினமும் அம்மாவின் கடைக்குப் போய், அதே கட்டடத்து ஈரச் சந்தை வழியாக நடந்து வளர்ந்தவள். ஆட்டிறைச்சி, மீன், காய்கறி என்று இரண்டு வரிசைக் கடைக்காரர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் என்னைத் தெரியும், என் தேர்வு மதிப்பெண்கள் உட்பட.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு கடைக்காரரும் காலையில் தம்மிடம் மிச்சமிருக்கும் சரக்கை ஒரு செயலியில் குறித்துவிட வேண்டும். மறுநாளைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று செயலி கணித்துச் சொல்லும். அழுகிப்போவது குறையும், தட்டுப்பாடு வராது. இதைச் சொல்லிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினேன். குறிப்பேடு, பதிவுக் கருவி, அலுவலக அடையாள அட்டை சகிதம்.

"அங்கிள், இந்த மாதிரி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்ல?" என்று ஆட்டிறைச்சிக் கடைக்காரரிடம் கேட்டேன். சோழமண்டலக் கரையிலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் வந்து நிலைத்த முஸ்லிம் குடும்பம். சந்தையில் எல்லாருக்கும் அவர் பாய், எனக்கு அங்கிள்.

"நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லாருக்கும்" என்றார். "சாப்பிட்டியா?"

காய்கறிக் கடை அக்கா, கழுத்தில் சிலுவையும் கையில் முருங்கைக்காயுமாக, "இத்தன நாளா இது ஏன் இல்லன்னு தெரியல லா" என்றார். மீன் கடையிலும் நல்லாருக்கும். வாழையிலைக் கடையிலும் நல்லாருக்கும். பதினெட்டுக் கடைகளில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கட்டு கறிவேப்பிலையும் இலவசமாகக் கிடைத்தது. பயிற்சியாளரிடம் பதினெட்டு ஆமாம்களையும் காட்டியபோது, தன் அனுபவத்தில் இப்படி ஒரு சந்தை வரவேற்பைப் பார்த்ததேயில்லை என்றார். எனக்கோ ஆச்சரியமில்லை. நான் கேட்டால் யார் மறுக்கப்போகிறார்கள் என்று அப்போது பெருமையாக நினைத்தேன். அந்த வாக்கியம் எவ்வளவு சரியானது என்பது பிறகுதான் விளங்கியது.

செயலி தயாரானது. கடைக்காரர்களுக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று திரையின் நடுவில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று வைத்தேன். அதில் 'நேற்றைப் போலவே' என்று எழுதியிருக்கும். மிச்சச் சரக்கில் மாற்றம் இல்லையென்றால் எடையெல்லாம் குறிக்க வேண்டாம், அதை ஒருமுறை அழுத்தினால் போதும். நானே போய்ப் பதினெட்டுக் கைப்பேசிகளிலும் செயலியை ஏற்றி, அன்றைய மிச்சத்தையும் குறித்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் என் கணினித் திரையில் பதினெட்டுச் சாம்பல் நிறப் புள்ளிகள் தயாராக இருந்தன. யாராவது விவரம் குறித்தால் அந்தப் புள்ளி பச்சையாகும்.

முதல் நாள் ஒன்றும் பச்சையாகவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மீன் கடைப் புள்ளி பச்சையானது. அது மீன்காரருடைய பேரன் கைப்பேசியில் விளையாடியதன் விளைவு என்று பிறகு தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் காலணியைக் கழற்றிய விதத்திலேயே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?"

"பதினெட்டு பேருமா. ஒருத்தர் கூட போடல. இப்படியே போனா அந்த போஸ்ட் எனக்கு இல்ல."

"எந்த போஸ்ட்டு?"

"டீமுக்கே நான்தான் பெரியாளுன்னு சொன்னேன்ல, அதுதான்."

"அவங்க என்ன போடணும்?"

"ஒண்ணுமே போட வேணாம்மா. பச்சை பட்டன அமுக்குனா போதும்."

"பச்சைய மட்டுமா?"

"பச்சைய மட்டும்தான். அது கூட முடியல இவங்களுக்கு."

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். நான் அறைக்குப் போய் ஒரு நினைவூட்டல் செய்தி தயாரித்தேன். அன்பான தமிழில், பூங்கொத்துப் படத்தோடு, நாளை முதல் உங்கள் சரக்கைக் குறிக்க மறவாதீர்கள் என்று பதினெட்டுப் பேருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு முதல் புள்ளி பச்சையானது. அடுத்த நிமிடம் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஏழேகாலுக்குள் பதினெட்டும் பச்சை. அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். ஞாயிறு உட்பட ஒரு நாள் தவறவில்லை.

நான் உடனே ஒரு ஸ்லைடு செய்தேன். 'ஒரே ஒரு செய்தி: பழக்கத்தை மாற்றிய கதை' என்பது அதன் தலைப்பு. பூங்கொத்துப் படத்தையும் அதில் போட்டேன்.

அதைவிடப் பெரிய அதிசயம் கணிப்பு. நாளைக்கு இவ்வளவு மிச்சமிருக்கும் என்று என் நிரல் எதைச் சொன்னாலும் மறுநாள் அப்படியே இருந்தது. ஒரு கிலோ கூடக் குறைய இல்லை. இந்தத் துறையில் யாரும் அவ்வளவு துல்லியமாகக் கணித்து நான் பார்த்ததில்லை. நேற்றைப் போலவே என்று தினமும் சொல்லப்படும் ஒன்றை நேற்றைப் போலவே இருக்கும் என்று கணிப்பதற்கு ஒரு பட்டதாரி தேவையா என்ற கேள்வி, பட்டதாரியான எனக்குத் தோன்றவில்லை.

சீன நண்பருக்குத் தோன்றியது. ஐந்தாவது வெள்ளியில் ஒத்திகை பார்த்தபோது என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளிகள் ஏன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வரிசையாகப் பச்சையாகின்றன?" என்று கேட்டார். "பதினெட்டுப் பேரும் தனித்தனி ஆட்கள்தானே?"

"அது எங்கள் சமூகத்தின் ஒழுங்கு. உங்களுக்குப் புரிவது கஷ்டம்" என்றேன்.

அவர் சரி என்று சொல்லிவிட்டுத் தன் திட்டத்துக்குத் திரும்பினார். உணவகக் குளிர்ப்பெட்டியின் கதவு திறந்தே கிடந்தால் சமையற்காரருக்குச் செய்தி அனுப்பும் கருவி அது. அவ்வளவுதான் செய்யும். அந்தக் கருவிக்காகத் தினமும் மத்தியானம் ஒரு உணவகச் சமையலறையில் போய் நின்றுகொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் இரக்கப்பட்டேன். தலைமைத்துவம் என்பது தூரத்திலிருந்து பார்ப்பது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன்.

ஆறாவது வெள்ளிக்கு முந்தின நாள், வியாழன். என் ஸ்லைடுகளில் ஒரு குறை இருந்தது. மகிழ்ச்சியான வாடிக்கையாளர் ஒருவர் செயலியைப் பயன்படுத்தும் காணொளி வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். காலை ஆறே முக்காலுக்குத் தேக்கா ஈரச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தேன். தரையெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்தால் யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள் என்று வாழையிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு தூணருகே நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன்.

அம்மா வந்தார். அவர் வருவது எனக்குப் புதிதில்லை. காலையில் சந்தைக் கடைக்காரர்களுக்குப் பானம் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. பெரிய தட்டில் தே, கோப்பி, பாலில்லாத தே ஓ. முதல் கடையில் ஒரு கோப்பையை வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். தராசுக்குப் பக்கத்தில் கொக்கியில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கிக்கொண்டிருந்த கடைக்காரரின் கைப்பேசியை எடுத்தார். பைக்கு மேலேயே விரலால் இரண்டு முறை தொட்டார். மறுபடி கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார். கோப்பை, ஏப்ரன், கைப்பேசி, விரல். அடுத்த கடை.

கடைக்காரர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மீன்காரர் மட்டும் செதில் தெறிக்காமல் தன் கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என் காணொளி ஓடிக்கொண்டேயிருந்தது. எனக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

ஆட்டிறைச்சிக் கடைக்கு அம்மா வந்தபோது நான் தூணைவிட்டு வெளியே வந்தேன்.

"என்னம்மா பண்றே?"

"பாயிக்கு தே குடுக்கறேன்."

"கையில என்ன?"

"பாயோட போனு."

பாய் அங்கிள் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாட்டிக்கிட்டியா தங்கச்சி? நான் அப்பவே சொன்னேன், ஒரு நாளைக்கு நீ மாட்டுவேன்னு."

"எத்தன நாளா?" என்றேன்.

"நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வந்தியே, அதுக்கு மறுநாள்லேருந்து" என்றார் அம்மா. கைப்பேசியை ஒழுங்காகக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் சொன்னார். "பச்சைய அமுக்குனா போதும்னு நீதானே சொன்ன?"

அம்மாவிடம் கத்த முடியாமல் அங்கிள் பக்கம் திரும்பினேன்.

"அங்கிள், உங்களுக்கு வேணாம்னா அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

"கேட்டேன் அங்கிள். ரெக்கார்டிங்கே இருக்கு."

"என்னன்னு கேட்டே? 'ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்ல'ன்னு கேட்டே. நல்லாருக்கும்னேன். இப்பவும் சொல்றேன், நல்லாத்தான் இருக்கு. நான் போடுவேன்னு சொன்னேனா?"

சொல்லவில்லை. எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இந்தக் கையப் பாரு" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். முழங்கைவரை கொழுப்பும் ரத்தமும். "ஆறு மணிலேருந்து வெட்டறேன். இத வச்சி போனத் தொட்டா வழுக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும். மீன்காரருக்கு செதில். அக்காவுக்கு ஐஸ் தண்ணி. காலையில இந்த மார்க்கெட்ல காஞ்ச கை உங்கம்மாவுக்கு மட்டும்தான் இருக்கு."

"நாளைக்கு எவ்ளோ வாங்கணும்னு உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?"

"இன்னிக்கு என்ன மாசம்?"

நான் ஆங்கில மாதத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"புரட்டாசி" என்றார். "பொறந்து பத்து நாளாச்சு. பாதிப் பேரு கறி பக்கமே வர்றதில்ல. நான் சரக்கக் குறைச்சி ஒரு வாரம் ஆகுது. உன் மெஷின் என்ன சொல்லுது?"

நேற்றைப் போலவே என்று சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாளாக எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்கவில்லை. சாம்பார், ரசம், சாம்பார் என்று நானும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். பிறகு அறைக்குப் போய், தேக்காவில் ஆட்டிறைச்சி விற்பனை இம்மியும் அசையவில்லை என்று காட்டும் நேர்க்கோட்டை ரசித்திருக்கிறேன்.

"எல்லாரும் சேந்து என்னைப் பாவம் பாத்தீங்களா?"

"பாவம் என்ன பாவம்? நீ ஸ்கூல் பினஃபோர் போட்டுட்டு இந்தத் தண்ணியில வழுக்கி விழுந்ததுலேருந்து பாக்கறேன். புள்ளைக்கு ஒரு வேலை ஆகணும்னா ஒரு பட்டன் அமுக்க மாட்டமா? அதுவும் நாங்க அமுக்கல. போனத் தொங்க விட்டோம். அவ்ளோதான் லா."

அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டார். இன்னும் ஆறு கடைகள் பாக்கி இருந்தன. "நாளைக்கு ஒரு நாள்தானே? போய் சொல்லிட்டு போஸ்ட்ட வாங்கிட்டு வா. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா. இது டேட்டா. உனக்குப் புரியாது."

அம்மா நின்றார்.

"புரியாமத்தான் பதினெட்டு கடையிலயும் ஒரு நாள் விடாம அமுக்குனேனாக்கும்? இத்தன நாளா நான் அமுக்கறேன்னு உனக்குப் புரிஞ்சுதா? உன் மெஷினுக்குப் புரிஞ்சுதா? நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?"

சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்க் கோப்பையை வைத்தார், கையைத் துடைத்தார், பச்சையை அழுத்தினார். என் கண்முன்னாலேயே. என்னைப் பார்த்துக்கொண்டே.

அன்று முழுவதும் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழியில் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஸ்லைடுகள் தயார், புள்ளிகள் பச்சை, கோடு நேராக இருக்கிறது. பதவி வந்த பிறகு செயலியைச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நேர்மைதான் வென்றது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயிற்சியாளர் படித்தால் கண்கலங்குவார். உண்மை வேறு. என் அம்மா தேநீர்த் தட்டோடு கடைகடையாக ஏறி வாங்கிக்கொடுத்த நாற்காலியில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டுப் பேருக்கும் அந்த நாற்காலி எப்படி வந்தது என்று தெரியும். அவர்கள் ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டார்கள், அதுதான் பெரிய தொல்லை. இதற்கு நேர்மை என்று பெயர் வைக்க முடியாது. திமிர் என்று வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார்தான் முடிவெடுப்பவர். நான் பழைய ஸ்லைடுகளை மூடி வைத்துவிட்டு, தூணருகே எடுத்த காணொளியை மட்டும் ஓட்டினேன்.

"இவர்தான் என் ஒரே வாடிக்கையாளர். இவர் என் அம்மா. நான் காட்டவிருந்த பயன்பாடு முழுவதும் இவருடைய ஒரு விரல். கணிப்பும் தவறு" என்றேன்.

பயிற்சியாளர் எழுந்து நின்று கைதட்டினார். இதுதான் துணிச்சல், தன் காயத்தைத் திறந்து காட்டுவதுதான் தலைமை என்றார். இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். அந்த ஒரு நிமிடம், பதவியும் கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று எனக்கு ஆசை வந்ததை ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னதற்கே பதவி கிடைத்தால் அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது.

நடுவில் இருந்த அம்மையார் கைதட்டவில்லை. "இந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் காலையாவது அங்கே போனாயா?" என்று கேட்டார்.

"நேற்று."

"அதற்கு முன்னால்?"

"இல்லை."

"உன் அம்மா தினமும் அங்கேதான் இருக்கிறார்."

"ஆமாம்."

"அவரிடம் கேட்டாயா, காலையில் அங்கே என்ன நடக்கிறது என்று?"

இல்லை என்று இரண்டாம் முறை சொன்னேன். அவர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். நீளமான வரியில்லை. சீன நண்பர் அடுத்து எழுந்து, சமையலறையில் மூன்று வாரம் நின்று தெரிந்துகொண்டதைச் சொன்னார். கதவு திறந்து கிடப்பது கவனக்குறைவால் அல்ல, சமையற்காரர்கள் வெப்பம் தாங்காமல் அதன்முன் ஒரு நிமிடம் நின்று இளைப்பாறுகிறார்கள் என்றார். அதனால் கருவியை மாற்றிவிட்டாராம். இப்போது செய்தி சமையற்காரருக்குப் போவதில்லை. மின்விசிறி வாங்கித் தரும்படி முதலாளிக்குப் போகிறது. அம்மையார் முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பதவி சீன நண்பருக்குப் போனது. சான்றிதழ் எனக்கு வந்தது. தலைவர் என்று அதில் தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது. யாரை வழிநடத்துவது என்று மட்டும் போடவில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா, சரி, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"நீயாவா சொன்ன?"

"நானாத்தான்."

"நான் அமுக்குனேன்னும் சொன்னியா?"

"வீடியோவே போட்டேன்."

"நல்லா படிச்சே போ" என்றார். "நாளைக்கு நான் அந்த வரிசையிலதான் தட்டு தூக்கிட்டுப் போவணும். எம் பொண்ணு பெரியாளாயிட்டான்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். உனக்கென்ன, நீ ஏசி ஆபிசுல உக்காந்துக்குவ."

நான் அதை நினைத்துப் பார்க்கவேயில்லை. என் திமிரின் செலவை யார் சுமக்கிறார்கள் என்று எந்த ஸ்லைடிலும் ஒரு கட்டம் போடவில்லை. நானும் வருகிறேன் என்றேன். பதினெட்டுக் கைப்பேசிகளிலிருந்தும் செயலியை எடுக்க வேண்டிய வேலை எப்படியும் இருந்தது.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. காய்கறிக் கடைகளில் நிற்க இடமில்லை. அம்மா எனக்கு முன்னால் தட்டோடு நடந்தார். என்னோடு பேசவில்லை. நான் பின்னாலேயே போய்க் கைப்பேசிகளைக் கேட்டு வாங்கினேன்.

காய்கறிக் கடை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய போஸ்ட்ட வேணாம்னுட்டியாமே! அம்மா இப்பதான் சொன்னாங்க. இப்பவே தலைவலி எதுக்குன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியாம்? அதுக்கும் தைரியம் வேணும் லா."

நான் முன்னால் பார்த்தேன். அம்மா அடுத்த கடையில் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா" என்றேன். "தலைவலி எதுக்கு?"

நேற்றுத்தான் மூன்று இயக்குநர்கள்முன் உண்மையைப் போட்டு உடைத்துக் கைதட்டு வாங்கியவள், இன்று அதே வாயால் கடைகடையாகப் பொய் சொல்லிக்கொண்டு போனேன். வாழையிலைக் கடையில், ஆமாம், வேண்டாம் என்றுவிட்டேன். மீன் கடையில், ஆமாம், எனக்கே பிடிக்கவில்லை. நாலாவது கடைக்குள் எனக்கே பழகிவிட்டது. செயலியை எடுக்கட்டுமா என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "இருக்கட்டும்மா, ஒண்ணும் தொந்தரவு இல்ல." ஒருவரும் எடுக்க விடவில்லை. விடாமல் கேட்டு, நானே எடுத்தேன்.

ஆட்டிறைச்சிக் கடையில் கூட்டமில்லை. அங்கிள் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா தேயை வைத்துவிட்டு நகர்ந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கெடைக்கலையா?"

"கெடைக்கல அங்கிள்."

"ம்." கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அம்மாட்ட நான் ஒண்ணும் கேக்கல."

"அங்கிள், இத உங்க போன்லேருந்து எடுக்கணும். ஒரு உண்மைய சொல்லுங்க. இது உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

அவர் யோசிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"வேணாம்" என்றார். "எடுத்துரு."

கொக்கியிலிருந்து பையை நானே கழற்றி எடுத்தேன். செயலியை நீக்கிக்கொண்டிருந்தபோது, அப்படியானால் என்னதான் வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் மொத்த வியாபாரி போனை எடுப்பதில்லை, மறுநாள் சரக்கு வருமா வராதா என்று தெரியாமல் காலை ஐந்து மணிக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது, அது மட்டும்தான் எரிச்சல் என்றார். குறிப்பேட்டை எடுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு நானும் வந்து நிக்கட்டுமா அங்கிள்?"

"வந்து?"

"சும்மா பாக்கறேன்."

"ஸ்லிப்பர் போட்டுட்டு வராத, வழுக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கத்தியை எடுத்துக்கொண்டார்.